லேமினேட் தரையைத் துடைப்பதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் வீடுகளுக்கு லேமினேட் தரை போடுவது என் தொழில். வேலை முடிந்த அன்று வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்பதில்லை. புதுத் தரையைப் பார்த்த சந்தோஷத்திலேயே இருப்பார்கள். முதல் மழைக்காலம் கழிந்த பிறகுதான் போன் வரும்: "தம்பி, கட்டிலுக்குப் பக்கத்துல ரெண்டு பலகை உப்பிக்கிட்டு நிக்கு, ஒருக்கா வந்து பாக்கணும்." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பலகையில் குறை இருக்காது, துடைத்த விதத்தில் இருக்கும். அந்த வீடுகளில் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

லேமினேட் என்பது மரமா, பிளாஸ்டிக்கா?

உள்ளே இருப்பது மரம்தான், ஆனால் அறுத்த பலகை இல்லை. மரத்தை நாராக்கி, பிசின் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய அட்டை அது. ஹெச்.டி.எஃப். என்று சொல்வார்கள். அதன் மேல் தேக்கு, ஈட்டி மாதிரி வரியோடு அச்சிட்ட தாள். தாளுக்கு மேல் மெலமைன் பிசினும் அலுமினியம் ஆக்சைடு துகளும் சேர்ந்த மெல்லிய படலம். பலகை வளையாமல் இருக்க அடியில் இன்னொரு தாள். 1977-இல் சுவீடனில் கண்டுபிடித்த பொருள் இது. முதலில் பசை தடவித்தான் ஒட்டினார்கள். பசையே இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டுகிற பலகை 1990-களின் பின்பாதியில் வந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மேல்படலம் கெட்டியானது, அதன் மேல் தண்ணீர் விழுந்தால் ஒன்றும் ஆகாது. பலகையும் பலகையும் சேருகிற கோட்டில் அந்தப் படலம் கிடையாது. அங்கே இறங்கும் தண்ணீரை நார் குடித்து ஊதும். ஊதிய நார் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீழே நான் சொல்லப் போகும் பாதி பதில்களுக்கு இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை.

எங்கள் வீட்டில் இருப்பது லேமினேட்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மிஞ்சிய துண்டு ஒன்று பரணில் கிடக்கும், எடுத்து வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தவிட்டு நிறத்தில் நார் நாராக, அழுத்திய அட்டை போல இருந்தால் லேமினேட். சாம்பல் நிறத்தில் கல் மாதிரி, நகம் இறங்காமல் இருந்தால் அது எஸ்.பி.சி. என்கிற வினைல் வகை. அதற்குத் தண்ணீர் பயம் கிடையாது. இரண்டையும் 'வுட்டன் ஃப்ளோரிங்' என்று ஒரே பெயரில் விற்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனை உங்கள் தரைக்குப் பொருந்தாமல் போகலாம்.

வாராவாரம் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தானே வீடு கழுவிய மாதிரி இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மையோ பாட்டியோ நம் மாவட்டத்தில் இல்லை. அவர்கள் மேல் தப்பும் இல்லை. நாம் வளர்ந்தது சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரையில். அதற்குப் பிறகு மொசைக், அதற்குப் பிறகு டைல்ஸ். எல்லாமே வாளித் தண்ணீரை வீசி, வாரியலால் வாசல் வரைக்கும் தள்ளிவிட்டால் சுத்தமாகிற தரைகள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடி போல மின்னும் அந்தக் கறுப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசியது என்று சொல்வார்கள். தரை என்றால் குளிர்ந்து, நனைந்து, மின்ன வேண்டும் என்பது நம் ஊர்க் கண்ணில் பதிந்த விஷயம்.

லேமினேட் அந்தக் குடும்பத்தில் பிறந்ததில்லை. இது அலமாரியின் வகை. அலமாரிக் கதவை யாரும் வாளித் தண்ணீர் வீசிக் கழுவ மாட்டோம், ஈரத்துணியால் துடைப்போம். தரையையும் அப்படியே துடைக்க வேண்டும். ஒரு தடவை கழுவினால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. நாலைந்து தடவை கழுவிய பிறகு ஒருநாள் சாய்ந்த வெயிலில் பார்த்தால், ஒவ்வொரு இணைப்பும் மெல்லிய வரப்பு போல எழும்பி நிற்கும். விரலால் தடவினாலே தட்டுப்படும். அதன் பிறகு அதை அமுக்க வழி கிடையாது.

அப்படியென்றால் எப்படித்தான் துடைப்பது?

மைக்ரோஃபைபர் துணி போட்ட தட்டை மாப்பு போதும். நூல் தொங்கும் மாப்பு வேண்டாம், எவ்வளவு முறுக்கினாலும் அது தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டுதான் இருக்கும்.

துணியை நனைத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழியுங்கள். சொட்டு நின்ற பிறகு இன்னொரு முறை பிழியுங்கள். பிறகு துணியைப் புறங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும், எடுத்ததும் தோலில் நீர்த்துளி நிற்கக் கூடாது. அதுதான் அளவு. துடைத்துக்கொண்டே பின்னால் நகரும்போது, துடைத்த இடத்தில் ஈரத்தின் மினுக்கம் உங்கள் கண் முன்னாலேயே மறைந்துகொண்டு வர வேண்டும். ஒரு நிமிடம் ஆகியும் மினுங்கினால் துணியில் தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம்.

பலகை ஓடுகிற திசையிலேயே துடையுங்கள். குறுக்கே துடைத்தால் இணைப்புகளில் அழுக்குத் தண்ணீர் தங்கி, கறுப்புக் கோடாகத் தெரியும். ஜன்னல் பக்கம் தொடங்கி வாசலில் முடியுங்கள். மேலே ஃபேன் ஓடட்டும். வாளியை லேமினேட் மேல் வைக்காமல், பக்கத்து அறையில் டைல்ஸ் இருந்தால் அங்கே வையுங்கள். தட்டிக் கவிழும் வாளிதான் பல வீடுகளில் தரையைக் கெடுத்திருக்கிறது.

வேலைக்கு வரும் அக்கா இருந்தால், வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒருநாள் கூட நின்று அந்தப் புறங்கைச் சோதனையைச் செய்து காட்டுங்கள். "ஈரம் கொறச்சலாத் தொடைங்க" என்பது ஆளுக்கொரு அளவில் புரியும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

உலர்ந்த தூசி எடுப்பது தினமும். ஈரத்துணி வாரத்துக்கு ஒரு முறை, ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் பத்து நாளுக்கு ஒரு முறை. மழை நாளில் துடைத்த தரை காயவே நேரம் எடுக்கும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. மணலை என்ன செய்ய?

தண்ணீருக்கு அடுத்து இந்தத் தரையைக் கெடுப்பது மணல்தான். நம் கடற்கரை மணல் மற்ற ஊர் மணல் மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் கிடக்கிறதே, அதில் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். தச்சுப் பட்டறையில் மரத்தை இழைக்கிற உப்புத்தாள் இருக்கிறதே, அதில் ஒட்டுகிற கற்களில் ஒன்று இதே கார்னெட். அதைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்து தரையில் நடந்தால், உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வாசலுக்கு வெளியே ஒரு தேங்காய் நார் மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி என்று இரண்டு வேண்டும். வெளியில் உள்ளது மணலை உதிர்க்க, உள்ளே உள்ளது ஈரத்தை வாங்க. வாரத்தில் இரண்டு நாள் இரண்டையும் முற்றத்தில் தட்டுங்கள். நிறைந்துபோன மிதியடியில் கால் துடைத்தால் மணல் மறுபடி காலோடுதான் வரும். குமரிமுனைக்குப் போன பிள்ளைகள் வண்ண மணல் பாக்கெட் வாங்கி வந்தால் அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடிவிடுங்கள். அது ஹாலில் கொட்டிய ஒரு வீட்டில், நாற்காலியை இழுத்து இழுத்து அரை வட்டமாகக் கீறல் விழுந்திருந்ததை நானே பார்த்தேன்.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கடல் மணல் வராது, காற்று வரும். காற்றாலைகள் வேகமாகச் சுற்றுகிற மாதங்களில் ஜன்னல் திறந்து வைத்தால் மாலைக்குள் தரையில் எழுதலாம், அவ்வளவு புழுதி. அங்கே இரண்டு வேளை தூசி எடுக்க வேண்டியிருக்கும். விளவங்கோடு பக்கம் செம்மண். அது கீறுவதைவிட இணைப்பில் புகுந்து நிறம் பிடிக்கும். அதனால் காய்ந்த பிறகு தூத்து (பெருக்கி) எடுத்துவிட்டுத்தான் ஈரத்துணி போட வேண்டும். செம்மண் மேல் நேரே ஈரத்துணி போட்டால் குழம்பாகிக் கோடுகளில் இறங்கும்.

எந்த வாரியலால் (துடைப்பத்தால்) தூசி பெருக்கலாம்? வாக்குவம் போடலாமா?

பூந்துடைப்பம் நல்லது. புதிதாக வாங்கினால் முதல் இரண்டு நாள் வெளியில் வைத்து உதறிவிடுங்கள், பூ உதிர்வது நிற்கும். ஈர்க்கு வாரியலை முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈர்க்கு பட்டுத் தரை கீறாது, ஈர்க்குகளின் நடுவில் சிக்கியிருக்கும் மணல்தான் கீறும். முற்றம் தூத்த வாரியலையே உள்ளே கொண்டு வருவது வேண்டாம்.

வாக்குவம் போடலாம். அடியில் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு, மென்மையான பிரஷ் உள்ள முனையை மாட்டுங்கள். ஆவி வருகிற ஸ்டீம் மாப்பு மட்டும் கூடவே கூடாது. கொதிக்கும் ஆவி இணைப்புக்குள் நேராகப் போகும்.

ஃபினாயில், சோப்புப் பொடி, வினிகர் இதில் எது போடலாம்?

வெறும் தண்ணீரே போதும் என்பது என் அனுபவம். பிசுக்கு இருந்தால் நாலு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் அரை டீஸ்பூன். அதற்கு மேல் போனால் சோப்பே படலமாகத் தங்கி, நடக்க நடக்கக் கால்தடம் தெரியும். சோப்பு போட்டால் இன்னொரு துணியை நல்ல தண்ணீரில் பிழிந்து மறுபடி ஒரு ஓட்டு ஓட்டுங்கள்.

ஃபினாயில் தரையில் பசை மாதிரி ஒரு படிவை விடும், வேண்டாம். சோப்புப் பொடியில் கரையாத துகள் இருக்கும், அதுவும் வேண்டாம். வினிகர் புளிப்பு அமிலம். எப்போதோ ஒருநாள் பிடிவாதமான பிசுக்குக்கு ஒரு வாளியில் ஒரு மூடி போட்டால் குற்றமில்லை, வாராவாரம் போட்டால் தரை மங்கும். டைல்ஸுக்குப் போடும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், இரும்பு நார் மூன்றும் இந்தத் தரைக்கு எதிரிகள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தத் தரைக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

சுத்தமாகத்தான் துடைக்கிறேன், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்த மாதிரி தெரிகிறது. ஏன்?

உங்கள் வீட்டில் போர் தண்ணீர். கடலோரக் கிராமங்களில் தண்ணீரில் உப்பு கூடுதல், தண்ணீர் காய்ந்து போனதும் உப்பு தரையில் நிற்கும். துடைக்க வேண்டிய தண்ணீர் அரை வாளிதானே, குடிக்கிற தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ எடுங்கள். ஏற்கெனவே படிந்ததை அதே தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போய்விடும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பாகும் என்கிறார்களே?

பழைய தேக்குக் கட்டிலுக்கு அது சரி. மரம் எண்ணெயைக் குடிக்கும். லேமினேட்டின் மேல்படலம் எதையும் குடிக்காது, எண்ணெய் அப்படியே மேலே நின்று வழுக்கும், தூசியும் ஒட்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது விளையாட்டில்லை. மெழுகும் பாலிஷும் அதே கதைதான். மங்கிப்போன லேமினேட்டை மரத்தரை மாதிரி இழைத்துப் பாலிஷ் போடவும் முடியாது. இழைத்தால் அச்சிட்ட தாள் கிழிந்து அட்டை தெரியும்.

எண்ணெய் கொட்டிவிட்டால் முதலில் பழைய செய்தித்தாளைப் போட்டு உறிஞ்ச விடுங்கள், தேய்க்காதீர்கள். மிச்சத்தை அந்த அரை டீஸ்பூன் சோப்புத் தண்ணீரில் எடுங்கள்.

கறைகளை எப்படி எடுப்பது?

சக்கை, அதாவது பலாப்பழக் காலத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் வரும். சக்கை வெட்டும்போது தெறிக்கும் பால் தரையில் காய்ந்தால் கறுப்புப் பசையாக ஒட்டிக்கொள்ளும். கத்தியிலும் கையிலும் செய்கிற அதே வேலைதான்: விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துணியால் வழித்தெடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர்த் துணியால் எண்ணெயை எடுங்கள். இதைவிட நல்லது, சக்கையை அடுக்களைக்கு வெளியே சாக்கு விரித்து வெட்டுவது. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வீட்டில் காலில் ஒட்டி வரும் ரப்பர் பால் வேறு மாதிரி. அதை ஈரமாக இருக்கும்போது தொட்டால் இழுபடும். காய விட்டு, ஓரத்தில் நகத்தால் கிளப்பினால் ஒட்டுப்பால் மாதிரியே தோலாக உரிந்து வரும்.

மெழுகுவர்த்தி உருகி விழுந்தால் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஐஸ் கட்டியைப் போட்டு மேலே வையுங்கள். மெழுகு இறுகியதும் காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் தள்ளினால் சில்லுச் சில்லாக வரும். சூயிங்கமுக்கும் இதேதான். பேனா மை, நகப்பூச்சு, தார் ஆகியவற்றுக்கு நகப்பூச்சு எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, கறை மேல் மட்டும் ஒற்றி, உடனே ஈரத்துணியால் துடையுங்கள். முதலில் கட்டிலுக்கு அடியில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள்.

பல்லி எச்சம் காய்ந்திருந்தால் சுரண்ட வேண்டாம், ஈரப் பஞ்சை ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். மஞ்சள் பொடி, மீன் குழம்பு எல்லாம் உடனே துடைத்தால் கறையே நிற்காது. அந்த வகையில் டைல்ஸின் வெள்ளைச் சாந்துக் கோட்டைவிட லேமினேட் மேல். தேன் சிந்தினால் வெதுவெதுப்பான தண்ணீர்த் துணி, ஆனால் எறும்பு வருவதற்கு முன்னால்.

பண்டிகை நாட்களில் கவனிக்க வேண்டியது என்ன?

இதில் என் வீட்டுக் கதையே இருக்கிறது. என் வீட்டு ஹாலில் நானே என் கையால் தரை போட்டேன். அந்த வருஷம் டிசம்பர் தொடங்கியதும் அம்மை வழக்கம் போல ஹால் மூலையில் கிறிஸ்துமஸ் குடில் வைத்தார்கள். தார்ப்பாய் ஒரு துண்டு விரித்து, மேலே மண், மண்ணில் விதை தூவிப் பச்சை முளைக்க வைத்து, தினமும் காலையில் தண்ணீர் தெளித்தார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலை எடுத்தபோது தார்ப்பாயில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். அதற்கு அடியில் ஆறு பலகையின் ஓரங்கள் ஊதி, ஊறிய ரஸ்க் மாதிரி அமுங்கின. அம்மை அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "மக்களே, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. தெரியாமல் போனது அவர்கள் தப்பில்லை. ஊரெல்லாம் சொல்கிற நான் என் வீட்டில் சொல்லவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் குடில் உண்டு, அதே மூலையில்தான். கால் வைத்த ஒரு பலகை மேசை, அதன் மேல் ஓரம் உயர்ந்த பெரிய பிளாஸ்டிக் தட்டு, தட்டுக்குள் மண். தரைக்கும் தட்டுக்கும் நடுவில் காற்று போகிறது, கசிந்தால் கண்ணுக்கும் தெரியும்.

ஓணத்துக்கு அத்தப்பூ போடுகிற வீடுகளில், தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வரும் பூவில் எப்போதும் ஈரம் இருக்கும். பத்து நாள் ஒரே இடத்தில் ஈரப்பூ கிடந்தால் தரை தாங்காது. பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி வட்டமாக வெட்டி, அதன் மேல் போடுங்கள், தினமும் மாலையில் பேனரைத் தூக்கி அடியில் துடைத்துவிடுங்கள். கோலப்பொடி கல்லைப் பொடித்தது, காலில் மிதிபட்டால் கீறும். உள்ளே கோலம் போடுவதானால் அரிசி மாவு. குத்துவிளக்குக்கு அடியில் தாம்பாளம் வையுங்கள்.

நாங்கள் வளைகுடாவில் இருக்கிறோம், வீடு பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். தரைக்கு என்ன ஆகும்?

நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நமக்குக் கிடைப்பதால், பூட்டிய வீட்டில் ஈரக் காற்று வெளியேறாமல் நிற்கும். பலகை காற்றில் உள்ள ஈரத்தையே வாங்கிப் பெருக்கும். சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் வாரம் ஒருநாள், வெயிலான நேரம் பார்த்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து இரண்டு மணி நேரம் ஃபேனைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். கட்டில், சோபா எல்லாம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். தரையில் பாய், கம்பளம், ரப்பர் விரிப்பு எதுவும் விரித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் வருவதற்கு முந்தின நாள், பாசத்தோடு சித்தியோ மதினியோ வந்து வீட்டைக் கழுவிப் போடுவார்கள். பத்து மாதம் ஒன்றும் ஆகாத தரை அந்த ஒரு சாயங்காலத்தில் கெட்டுப்போன வீடுகள் இரண்டு எனக்குத் தெரியும். டிக்கெட் எடுத்த அன்றே போன் போட்டு, "தரைக்குத் தண்ணி ஊத்தாண்டாம், நான் வந்து பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள்.

மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. என்ன செய்ய?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த மாதிரி ஒரு காற்று அடித்தால், சாத்திய ஜன்னல் இடுக்கிலும் மழை உள்ளே வரும். கரண்டும் இருக்காது. அப்படி ஒரு நாளில் முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். பழைய சேலை, துவர்த்து, கையில் கிடைப்பதைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுங்கள். தள்ளாதீர்கள், தள்ளினால் சுவரோர இடைவெளி வழியாக அடியில் போகும். மேலே இருந்த தண்ணீர் மட்டும்தான் என்றால் இதோடு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

நடக்கும்போது சளக் சளக் என்று சத்தம் வந்தாலோ, மிதித்தால் இணைப்பில் குமிழி வந்தாலோ தண்ணீர் அடியில் போய்விட்டது. அப்போது மேலே ஃபேன் போட்டுப் பயனில்லை. சுவரோரச் சட்டத்தைக் கழற்றி, சுவர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பூட்டைத் தளர்த்திப் பலகைகளை எடுக்க வேண்டும். எடுக்கும்போதே காகித டேப் ஒட்டி எண் எழுதுங்கள், திரும்பப் போடும்போது அதுதான் கை கொடுக்கும். பலகைகளை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். நிழலில், இடையிடையே குச்சி வைத்து, தட்டையாக அடுக்குங்கள். அடியில் விரித்த ஃபோமையும் எடுத்து உலர்த்துங்கள். சிமெண்ட் தரை காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு முழம் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளுக்கு அடியில் துளி கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

தண்ணீரே படவில்லை, ஆனால் அறை நடுவில் தரை கூரை மாதிரி எழும்பி நிற்கிறது.

இது துடைத்தவர் தப்பில்லை, போட்டவர் தப்பு. பலகை மழைக்காலத்தில் பெருக்கும், வெயில்காலத்தில் சுருங்கும். அதற்காகச் சுவரைச் சுற்றி 8 முதல் 12 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். விடாமல் சுவரோடு முட்ட வைத்தால், பெருக்கும்போது போக இடமில்லாமல் நடுவில் எழும்பும். கனமான அலமாரியை ஓரத்தில் ஆணியடித்தது போல நிறுத்தினாலும், கதவு நிலையில் முட்டினாலும் இதே ஆகும். ஓரச் சட்டத்தைக் கழற்றி, முட்டும் இடத்தில் பலகையைச் சிறிது அறுத்துவிட்டால் சில நாளில் தானே அமரும். இதை வீட்டில் செய்ய வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். மாசி பங்குனியில் இணைப்புகளில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் அது பயப்பட வேண்டியதில்லை. மழை வந்ததும் மூடிக்கொள்ளும். அதில் மெழுகோ சிலிக்கோனோ போட்டு அடைக்க வேண்டாம்.

சிதல் (கரையான்) பிடிக்குமா?

பிடிக்கும். உள்ளே இருப்பது மரநார்தானே. தரையை விரலால் தட்டிப் பாருங்கள், ஒரு இடத்தில் மட்டும் பொள்ளலாகச் சத்தம் வந்தாலோ, ஓரச் சட்டத்தின் மேல் மண்கோடு தெரிந்தாலோ உடனே பாருங்கள். மருந்தைத் தரை மேல் ஊற்றுவதில் பயனில்லை, தரையும் கெடும். சிதல் வருவது பெரும்பாலும் அடியிலிருந்து, சுவர் இடுக்கு வழியாக. சட்டத்தைக் கழற்றி அங்கேதான் மருந்து போட வேண்டும். ஓட்டு வீட்டைப் புதுப்பித்துத் தரை போடுகிறவர்கள், தரை போடும் முன்னாலேயே சிதல் மருந்து அடித்துவிடுவது நல்லது.

நாற்காலி, கட்டில் கால்களுக்கு என்ன போடலாம்?

கம்பளித் துண்டு மாதிரி ஒட்டும் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருப்பிப் பாருங்கள், மணல் ஏறிக் கெட்டியாகியிருந்தால் மாற்றுங்கள். சக்கரம் வைத்த மேசை நாற்காலிக்கு மென்மையான ரப்பர் சக்கரம் மாற்றினால் நல்லது. அலமாரியை நகர்த்தும்போது இழுக்காதீர்கள், அடியில் பழைய கம்பளி போட்டு இரண்டு பேராகத் தள்ளுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

பெட்டியில் ஏ.சி. என்ற குறியோடு ஒரு எண் இருக்கும், மேல்படலம் எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதற்கான தரவரிசை அது. படுக்கையறைக்கு 3 போதும். ஹாலுக்கும் கடலோர வீட்டுக்கும் 4 வாங்குங்கள். கனம் 8 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். பெட்டிகளை வாங்கி வந்ததும் அதே அறையில் இரண்டு நாள் படுக்க வைத்து, பிறகு போடச் சொல்லுங்கள். குளியலறை வாசலையும் அடுக்களையையும் டைல்ஸுக்கே விட்டுவிடுங்கள்.

ஒரு பலகை மட்டும் கெட்டுவிட்டது. மாற்ற முடியுமா?

முடியும். சின்ன சில்லு பெயர்ந்ததற்கு அதே நிற மெழுகுக் குச்சி வாங்கி, சூடுபடுத்தி நிரப்பி, அட்டையால் சமன் செய்தால் நின்று பார்த்தால் தெரியாது. ஊதிய பலகையை மாற்றத்தான் வேண்டும். சுவருக்குப் பக்கத்து வரிசை என்றால் அரை நாள் வேலை. அறை நடுவே என்றால் அதுவரைக்கும் எல்லா வரிசையையும் பிரித்து வர வேண்டும்.

கஷ்டம் பிரிப்பதில் இல்லை, பலகை கிடைப்பதில்தான். அந்த நிறமும் அந்தப் பூட்டும் சில வருடத்தில் சந்தையில் இருக்காது, ஒரு கம்பெனிப் பூட்டு இன்னொன்றில் கோக்காது. அதனால் தரை போடும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பரணில் ஓட்டுச் சூட்டில் போடாமல், செங்குத்தாக நிறுத்தாமல், கட்டிலுக்கு அடியில் தட்டையாக வையுங்கள். என் வீட்டு மூலையில் அந்த ஆறு பலகையை மாற்றியது அப்படி எடுத்து வைத்த பெட்டியிலிருந்துதான். அதில் இன்னும் இரண்டு பலகை மிச்சம் இருக்கிறது.